திம்பம் தாண்டி நின்ற யானை: கோபியிலிருந்து வந்த கடிதத்துக்குப் பதில்

ஐயா,

நான் கோபிசெட்டிபாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். என் மனைவியின் அக்கா வீடு சாமராஜநகரில் இருப்பதால் ஆண்டுக்கு நான்கைந்து முறை திம்பம் மலைப்பாதையில் குடும்பத்தோடு காரில் போய்வருகிறோம். சென்ற மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணி இருக்கும். ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். காரப்பள்ளம் சோதனைச்சாவடியைத் தாண்டி ஆசனூர் வருவதற்கு முன், சாலையோரத்தில் ஒரு பெண் யானை குட்டியோடு நின்றது. வண்டியை நிறுத்தினேன். முப்பது அடி தூரம் இருக்கலாம்.

பின்னால் வந்த கார் என் வண்டியை ஒட்டி நின்று விடாமல் ஹாரன் அடித்தது. இரண்டு பைக்குகளில் வந்த நான்கு இளைஞர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருவன் இறங்கி யானைக்கு முதுகு காட்டி நின்று செல்போனில் படம் எடுத்தான். இன்னொருவன் பைக்கை முறுக்கிச் சத்தம் எழுப்பினான். யானை பாய்ந்து வந்துவிட்டது. ஒரு பைக் கீழே விழுந்தது. அதில் வந்த இருவரும் ஓடி வந்து எங்கள் காரின் இடது கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. என் கை நகரவில்லை ஐயா. அவர்கள் காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். யானை பைக்கை மிதித்தது. எங்கள் காரின் முன்பக்கத்தைத் துதிக்கையால் ஓங்கி அடித்தது. பிறகு குட்டியோடு காட்டுக்குள் போய்விட்டது. யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை.

நான் நிறுத்தியது தவறா? வேகமாகக் கடந்து போயிருக்க வேண்டுமா? கதவைத் திறக்காதது பாவம் என்று என் மனைவி சொல்கிறார். நான் சரியாகத் தூங்கி நாளாயிற்று. இனிமேல் பட்டாசு வைத்துக்கொண்டு போங்கள் என்கிறார் மைத்துனர். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முந்தைய பயணங்களில் நாங்களும் அதே இடத்தில் யானைகளுக்கு வாழைப்பழம் போட்டிருக்கிறோம். புண்ணியம் என்று நினைத்துத்தான் போட்டோம். என் ஒன்பது வயது மகன் தினமும் ஒரே கேள்வியைக் கேட்கிறான்: "அந்த யானை நம்மை ஏன் கொல்ல வந்தது?" அவனுக்கு என்ன பதில் சொல்வது?

— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். காட்டு விலங்குகளுக்கு மருத்துவம் பார்ப்பதே என் தொழில். யானையைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் யானை செய்ததை மட்டும் எழுதுவார்கள். நீங்கள் உங்கள் கை நகராமல் நின்றதையும் வாழைப்பழத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மைக்குச் சமமான நேர்மையோடு நானும் பதில் எழுதுகிறேன். சில இடங்களில் அது உங்களுக்கு வலிக்கலாம்.

முதலில் அந்த முப்பது அடியைப் பற்றிப் பேசுவோம். நிறுத்தியது சரி. நிறுத்திய இடம்தான் தவறு. ஆசிய யானையால் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் வர முடியும். நொடிக்கு ஏழு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது அடி என்பது ஒன்பது மீட்டர். அதைக் கடக்க அதற்கு ஒன்றரை நொடிகூட ஆகாது. நீங்கள் கிளட்சை மிதித்து ரிவர்ஸ் கியரைத் தேடுவதற்குள் அது காரின் முன்னால் வந்து நிற்கும். அதுதான் நடந்திருக்கிறது. இதே யானையை ஐம்பது மீட்டருக்கு முன்பே பார்த்து நிறுத்தியிருந்தால், அதாவது நான்கு பஸ்கள் வரிசையாக நிற்கும் அளவு இடம் விட்டிருந்தால், உங்களுக்கு ஏழு நொடி கிடைத்திருக்கும். பதறாத ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுக்கத் தொடங்க அது போதும். அதைவிட முக்கியமாக, ஐம்பது மீட்டரில் நிற்கும் வண்டியை நோக்கி வர வேண்டிய தேவையே பெரும்பாலும் யானைக்கு ஏற்படாது. குட்டியைச் சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்கும். நீங்களும் இருட்டுவதற்குள் மலையடிவாரத்துப் பண்ணாரிக்கு இறங்கியிருப்பீர்கள்.

வேகமாகக் கடந்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே கூடாது. குட்டியோடு நிற்கும் தாய் சாலையின் ஒரு பக்கம் தெரிந்தால், மறுபக்கம் அதன் அக்காவோ தங்கையோ வேறு குட்டியோ நின்றிருக்கலாம். பெண் யானைகள் தனியாக வாழ்பவை அல்ல. நீங்கள் கண்டது ஒன்று என்றால், உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் கூட்டம் இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். தாய்க்கும் கூட்டத்துக்கும் நடுவே வண்டியை விட்டு ஓட்டுவதுதான் அந்தச் சாலையில் ஒரு மனிதன் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம்.

2025 பிப்ரவரியில் வால்பாறை–பொள்ளாச்சி சாலையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். யானை சாலையில் நின்றதால் வண்டிகள் நின்றுவிட்டன. பைக்கில் வந்த ஒரு வெளிநாட்டுப் பயணி மட்டும் கடந்துவிட முயன்றார். யானை அவரை வண்டியோடு தூக்கி எறிந்தது, எழுந்தவரை மறுபடியும் தாக்கியது, அவர் பிழைக்கவில்லை. அந்தக் காணொளியை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். என்னால் ஒரு முறைக்கு மேல் பார்க்க முடியவில்லை. நின்ற வண்டிகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் அதே காணொளி காட்டுகிறது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது உங்களுக்குப் பின்னால் ஹாரன் அடித்தாரே, அவரிடம் வருகிறேன். அவர்மீதுதான் எனக்கு அதிகக் கோபம். பைக் இளைஞர்கள் அறியாத வயதினர் என்றாவது சொல்லலாம். அந்தக் காரை ஓட்டியவர் உங்கள் பின்பக்கத்தை அடைத்துவிட்டார். யானை வந்தபோது நீங்கள் பின்னால் எடுக்க நினைத்திருந்தாலும் இடமில்லை. முன்னால் யானை, பின்னால் ஒட்டி நிற்கும் கார், நடுவில் உங்கள் பிள்ளை. காட்டுச் சாலையில் முன்னே போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே எப்போதும் இரண்டு கார் நீளம் விடுங்கள். பின்னால் வருபவர் ஒட்டி வந்தால், அபாய விளக்குகளைப் போட்டு, கண்ணாடிக்கு உள்ளிருந்தே கையைக் காட்டிப் பின்னால் போகச் சொல்லுங்கள்.

ஹாரன் யானையை விரட்டும் என்பது நம் ஊரில் வேரூன்றிவிட்ட நம்பிக்கை. யானையின் செவி நம் செவியைப் போன்றதல்ல. நாம் கேட்கவே முடியாத தாழ்ந்த ஒலிகளில் அவை தமக்குள் பேசிக்கொள்கின்றன. 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான அந்த முனகல்களை 1980-களில் ஆசிய யானைகளிடம்தான் முதலில் பதிவு செய்தார்கள். நீங்கள் அமைதி என்று நினைத்த அந்தச் சாலையில் தாய் தன் குட்டியோடும் கூட்டத்தோடும் பேசிக்கொண்டிருந்திருக்கலாம். அந்தப் பேச்சின் நடுவே ஹாரனையும் முறுக்கிய பைக்கின் அலறலையும் நினைத்துப் பாருங்கள். குட்டியின் குரல் தாய்க்குக் கேட்காது. குட்டியின் குரல் கேட்காத தாய் எந்த இனத்திலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வாள்.

பைக்கை முறுக்கிய இளைஞனும் முதுகு காட்டி நின்ற இளைஞனும் செய்தது விளையாட்டு அல்ல, குற்றம். ஆசனூர்ப் பகுதி சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் இருக்கிறது. 2013-இல் அறிவிக்கப்பட்ட, 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காடு அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 சரணாலயத்துக்குள் எந்தக் காட்டு விலங்கையும் சீண்டக் கூடாது, தொல்லை தரக் கூடாது என்று 27-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது பொதுவான மீறல்களுக்கான அபராத உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். 2025 ஆகஸ்டில் பக்கத்துப் பந்திப்பூரில் யானையைப் படம் எடுக்க நெருங்கிய ஒருவர் கீழே விழுந்து மிதிபட்டு, எப்படியோ உயிர் தப்பினார். கர்நாடக வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த இளைஞர்கள் யார் என்று தேட வேண்டியது உங்கள் வேலை அல்ல. ஆனால் நடந்ததை ஆசனூர் வன அலுவலகத்தில் நேரில் போயோ எழுதியோ தெரிவியுங்கள். தண்டனைக்காக மட்டும் சொல்லவில்லை. குட்டியோடு உள்ள ஒரு தாய் இந்த இடத்தில் மிரண்டிருக்கிறது என்று தெரிந்தால், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் அந்த மாலை நேரங்களில் அங்கே நிற்பார்கள். உங்களுக்கு அடுத்து வருபவருக்கு அது உதவும்.

அடுத்தது கதவு. நீங்கள் தூக்கம் இழந்திருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். திறந்திருந்தால் நல்லது. யானை வலது பக்கமாக முன்னால் இருந்தது, அவர்கள் இடது பக்கம் வந்தார்கள், யானை அப்போது பைக்கை மிதித்துக்கொண்டிருந்தது என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அந்த மூன்று நான்கு நொடிகள் இருந்தன. யானைக்குக் கார் என்பது ஒரே பெரிய பொருள். உள்ளே இருப்பவர்களைத் தனித்தனியாக அது பிரித்துப் பார்ப்பது குறைவு. வெளியே ஓடும் மனிதனை அது நன்றாகவே பார்க்கிறது. ஆகையால் அவர்கள் உள்ளே வந்திருந்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. காருக்குப் பின்னால் அவர்கள் ஒளிந்ததால், அவர்களைத் தேடி யானை உங்கள் காரைச் சுற்றி வந்திருக்கக்கூடிய ஆபத்து கூடியது. எந்த மடத்தனம் செய்தவனாக இருந்தாலும், அந்த நொடியில் அவன் உயிர் பிழைக்க ஓடி வந்தவன். அவன் செய்த தவறுக்கான கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பாவம் என்ற சொல்லை உங்கள் மனைவி எடுத்துவிட வேண்டும். அவர் இதைப் படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன். அம்மா, உங்கள் கணவர் முடிவெடுத்துக் கதவை மூடி வைக்கவில்லை. அவர் உடல் உறைந்துவிட்டது. எனக்கே அது நடந்திருக்கிறது. வேலையில் சேர்ந்த இரண்டாவது ஆண்டு. காலில் புண்ணோடு ஒரு குட்டையருகே நின்ற கொம்பனைத் தொலைவிலிருந்து பார்க்கப் போனோம். காற்று திரும்பியது. அது தலையை உயர்த்தி எங்கள் பக்கம் வந்தது. ஓடு என்று மூளை சொன்னது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. கால் கேட்கவில்லை. கையில் இருந்த மருந்துப் பெட்டியைக்கூடக் கீழே வைக்கத் தோன்றவில்லை. கூட வந்த சோளகர் பழங்குடிப் பெரியவர் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் பாறைக்குப் பின்னால் தள்ளினார். யானைகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். கடையில் பருப்பு நிறுத்துக்கொடுக்கும் மனிதரின் கை நகரவில்லை என்பதற்காக அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

உறைந்துபோவதைத் தடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: முன்பே பேசி வைப்பது. அடுத்த முறை பண்ணாரியில் வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கதவுப் பூட்டைத் திறப்பது யார் பொறுப்பு, பின்பக்கத்தைப் பார்த்துச் சொல்வது யார், பிள்ளையின் தலையைக் குனிய வைப்பது யார் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். யானை வண்டியை நோக்கி வந்தால் ஓட்டுபவர் ரிவர்ஸ் எடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யக் கூடாது. பேசி வைத்த காரியத்தைக் கை தானாகச் செய்யும்.

வாழைப்பழத்தைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் கனக்கிறது. உங்களைக் குறை சொல்வது எளிது. பிள்ளையாராக நினைத்துக் கும்பிட்டுப் பழம் போடும் கையைத் தட்டிவிட யாருக்கும் மனம் வராது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். காரப்பள்ளத்தில் என்ன நடந்துவிட்டது என்று பாருங்கள். தாளவாடிப் பக்கத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கரும்பு ஏற்றிய லாரிகள் சத்தியமங்கலம் ஆலைக்கு இந்தச் சாலை வழியாகத்தான் வருகின்றன. ஆண்டுக்கணக்கில் அவற்றிலிருந்து கரும்பு உதிர்ந்தது. சில ஓட்டுநர்கள் வேண்டுமென்றே உருவிப் போட்டார்கள். கரும்பு வாசனை பிடித்த யானைகள் சோதனைச்சாவடி அருகே காத்திருக்கக் கற்றுக்கொண்டன. லாரியை மறித்து நிற்கக் கற்றுக்கொண்டன. ஒரு தாய் துதிக்கையை உயர்த்திக் கட்டுக்கரும்பை இழுப்பதையும், பக்கத்தில் நின்ற குட்டி தன் குட்டையான துதிக்கையை அதே மாதிரி உயர்த்திக் காற்றில் துழாவியதையும் நானே பார்த்திருக்கிறேன். பார்த்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அறுபது ஆண்டு வாழக்கூடிய ஓர் உயிர், முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வண்டி என்றால் தீனி என்று படித்துக்கொண்டிருந்தது.

காட்டில் யானை ஒரு நாளின் பெரும்பகுதியைத் தின்பதற்கே செலவிடுகிறது. புல், மூங்கில், மரப்பட்டை, இலை என்று நடந்து நடந்து தின்றால்தான் அதன் உடம்புக்கு வேண்டிய நூற்றைம்பது கிலோ அளவு தீனி சேரும். கரும்பும் வாழையும் நின்ற இடத்தில் கிடைக்கும் இனிப்பு. அதை ஒருமுறை ருசித்த யானை, அதற்காக மனிதனுக்கும் தனக்கும் நடுவே வழிவழியாக இருந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. நூறு மீட்டர் ஐம்பதாகிறது, ஐம்பது இருபதாகிறது. நீங்கள் பழம் போட்ட ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி ஒரு சாண் குறைந்தது. அன்று மாலை அது முப்பது அடியில் பதறாமல் நின்றதற்கும், அடுத்த நிமிடம் பாய்ந்ததற்கும் காரணம் ஒன்றுதான்: வண்டியின் அருகில் இருப்பது அதற்குப் பழகிவிட்டது, ஆனால் வண்டியில் வரும் மனிதர்கள் எப்படி நடப்பார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஒருவர் பழம் போடுகிறார், இன்னொருவர் ஹாரன் அடிக்கிறார், மூன்றாமவர் முதுகைக் காட்டிச் சிரிக்கிறார். இதில் எதை நம்புவது என்று அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. பழத்தைப் பலர் பாலித்தீன் பையோடு வீசுகிறார்கள். யானைச் சாணத்தைக் கிளறிப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. அதில் பிஸ்கட் உறைகளும் பால் கவர்களும் வருகின்றன. சாணத்தில் வந்துவிட்டால் அந்த யானை அதிர்ஷ்டசாலி. கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குகளுக்குப் பொரியும் கடலையும் வீசுபவர்களுக்கும் இதையே சொல்வேன். அடுத்த வண்டியின் சக்கரத்தில் அந்தக் குரங்கு நசுங்கிக் கிடப்பதை அவர்கள் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

புண்ணியம் வேண்டும் என்றால் பழத்தைப் பண்ணாரி அம்மன் கோயிலில் கொடுங்கள். மலையேறும்போது வண்டியில் கரும்போ, வாழையோ, பலாவோ இருந்தால் டிக்கியில் வாசனை வராமல் கட்டி வையுங்கள். இருக்கையின் மேல் திறந்த கூடையில் வைத்து, கண்ணாடியையும் இறக்கிவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

மைத்துனரின் பட்டாசு யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். வயலில் இறங்கிய யானையை வனத்துறையினர் விரட்டும்போது, அது எந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துச் செய்கிறார்கள். அப்படியும் அந்த வேலையில் உயிர் விட்டவர்கள் உண்டு. காருக்குள்ளிருந்து வீசும் வெடி, யானையை எதிரே வரும் பஸ்மீதோ நடந்து போகும் பழங்குடிப் பெண்மீதோ திருப்பிவிடும். மார்ச் மாதக் காய்ந்த சருகில் விழுந்தால் காடே எரியும். சட்டப்படியும் மாட்டிக்கொள்வீர்கள்.

யானை என்ன நினைக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பாய்வதற்கு முன் அது உங்களுக்குச் சொல்லியிருக்கும். மேய்ந்துகொண்டிருந்தது நின்றுவிடும். காதாட்டம் நின்று காதுகள் விரியும். தலை உயரும். வால் விறைக்கும். சில யானைகள் ஒரு முன்னங்காலை முன்னும் பின்னும் ஆட்டும், அல்லது மண்ணை வாரித் தலைமேல் போட்டுக்கொள்ளும். குழப்பத்தில் இருப்பதன் அடையாளம் அது. குட்டியை வயிற்றுக்கு அடியிலோ பின்னாலோ தள்ளும். இவற்றில் ஒன்றைப் பார்த்ததும் நீங்கள் பின்வாங்கத் தொடங்கியிருக்க வேண்டும். காதை விரித்துக்கொண்டு சத்தத்தோடு வந்து பாதியில் நிற்பது மிரட்டல். துதிக்கையைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வருவது தாக்குதல் என்று எங்களுக்குள் சொல்வதுண்டு. இதை வைத்துப் பரீட்சை எழுதிப் பார்க்காதீர்கள். மிரட்டலாகத் தொடங்கி, எதிரில் இருந்தவர் நடந்துகொண்ட விதத்தால் தாக்குதலாக முடிந்த சம்பவங்கள் உண்டு. தனியாக நிற்கும் ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் ஒழுகிக் கன்னம் கறுத்திருந்தால், ஐம்பது மீட்டர்கூடப் போதாது. வந்த வழியே திரும்பி, சோதனைச்சாவடியில் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

யானையைக் கண்டு நிறுத்தியபின் என்ஜினை அணைக்க வேண்டாம், உறும விடவும் வேண்டாம். முகப்பு விளக்கைத் தாழ்த்திவிடுங்கள். அணைத்து அணைத்துப் போடுவது அதைச் சீண்டும். கண்ணாடிகளை ஏற்றுங்கள். பாட்டை நிறுத்துங்கள். வண்டியைக் குறுக்காகத் திருப்ப முயன்று நடுச்சாலையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். நேராகவே பின்னால் எடுங்கள். யானை சாலையைக் கடந்துவிட்டதும் உடனே கிளம்பாதீர்கள். கடைசியாக வரும் குட்டிக்காகப் பத்து நிமிடம் கொடுங்கள். மானுக்கும் இதே கணக்குதான். ஒன்று தாவிப் போனால் பின்னால் இன்னும் நான்கு வரும். நம் ஆட்கள் முதல் மானைப் பார்த்துவிட்டு இரண்டாவது மானை அடிக்கிறார்கள். அப்படி அடிபட்டு இறந்த ஒரு பெண் மானின் வயிற்றைப் பிரேதப் பரிசோதனைக்காகக் கிழித்தபோது உள்ளே முழுதாக வளர்ந்த குட்டி இருந்தது. அன்று என் உதவியாளர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

பைக்கில் போகும் உறவினர்கள் உங்களுக்கு இருப்பார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: திம்பத்துக்கு மேலே பைக்கில் போவதே எனக்கு விருப்பமில்லை. போய்த்தான் ஆக வேண்டும் என்றால், வெயில் ஏறிய பிறகு, ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போகட்டும். யானையைக் கண்டால் முன்னே போகவே கூடாது; தொலைவிலேயே திருப்பிவிட வேண்டும். துரத்தப்பட்டால் வண்டியை விட்டுவிட வேண்டும். கீழே கிடக்கும் பைக்கின் மேலும் பையின் மேலும் அது கோபத்தைத் தீர்த்துக்கொண்டதால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. உங்கள் காருக்குப் பின்னால் ஒளிந்த இருவரும் அப்படித்தான் பிழைத்தார்கள். பள்ளத்தில் ஓடினால் யானை இறங்காது என்று ஒரு பேச்சு உலவுகிறது. அதை நம்பி உயிரை விடாதீர்கள். செங்குத்துச் சரிவிலும் பின்னங்கால்களை மடக்கி இறங்கும் உடம்பு அது. பெரிய மரம், பாறை, சுவர் என்று நடுவே ஏதாவது ஒன்று இருப்பதுதான் உதவும்.

நேரத்தைப் பற்றியும் யோசியுங்கள். மாலை ஐந்தரை மணிக்கு அந்தச் சாலையில் இருந்தது உங்கள் பிரச்சினையின் பாதி. வெயில் தாழ்ந்ததும் கூட்டம் தண்ணீருக்கு நகரும். மார்ச்சில் உள்காட்டுக் குட்டைகள் வற்றிவிடும். சாலையோரத்தில் பார்வைக்காகப் புதரை வெட்டிய இடத்தில்தான் கொஞ்சம் பச்சை தெரியும். ஆகவே யானை சாலைக்கு வருகிறது. பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்தைத் தடுத்தது இதை அறிந்துதான். திம்பம் பாதையிலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் இரவுக் கட்டுப்பாடு வந்தது. வியாபாரிகளும் லாரிக்காரர்களும் அப்போது பட்ட சிரமத்தை நான் மறுக்கவில்லை. தாளவாடி விவசாயியின் தக்காளி அழுகினால் அந்த நஷ்டம் உண்மையான நஷ்டம். ஆனாலும் அந்தச் சாலையில் செத்த விலங்குகளைத் தூக்கியவன் என்ற முறையில், இரவில் அது மூடப்பட்டதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். சட்டம் அனுமதிக்கும் கடைசி மணி வரை காத்திருந்து மலையிறங்க வேண்டாம். சாமராஜநகரில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒரு மணிக்குக் கிளம்பினால் மூன்றரைக்குள் சமவெளியில் இருப்பீர்கள்.

உங்கள் காரை ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டீர்கள் என்று நம்புகிறேன். வெளியே தகடு நசுங்கியது மட்டும் தெரியும்; உள்ளே ரேடியேட்டரின் தாங்கிகள் விரிசல் விட்டிருக்கலாம். 27 கொண்டை ஊசி வளைவுகளில் அது காலை வாரிவிடும்.

இனி உங்கள் மகன். அவனை மடியில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அந்த யானை நம்மைக் கொல்ல வரவில்லை. கொல்ல வந்திருந்தால் காரின் முன்பக்கத்தை ஓர் அடி அடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்காது. மூன்று டன் எடையுள்ள உடம்புக்கு நம் கார் ஒரு பொருட்டே இல்லை. அதன் குட்டிக்கு அன்று பயம் வந்தது. நீ பயந்தபோது அம்மா உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள் அல்லவா? அதற்குக் கைகள் இல்லை. அதனால் பயமுறுத்தியவர்களை விரட்டியது. குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவன் தினமும் கேட்டால் தினமும் இதையே பொறுமையாகச் சொல்லுங்கள். இரவில் அலறி எழுந்தாலோ, காரில் ஏற மறுத்தாலோ, சில வாரங்களில் அது குறையாவிட்டாலோ, குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போகத் தயங்காதீர்கள். அவன் எதிரில் அந்த யானையைக் கொலைகார யானை என்று யாரும் பேச விடாதீர்கள். மைத்துனரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுத்த பயணத்தில் அவனுக்கும் ஒரு பொறுப்புக் கொடுங்கள். பண்ணாரியில் ஆளுக்கொரு வேலை பிரிக்கும்போது, சாலையின் இடது பக்கக் காடு அவனுடையது. மூங்கில் அசைந்தாலும், சாம்பல் நிறத்தில் ஏதாவது தெரிந்தாலும், மரம் ஒடியும் சத்தம் கேட்டாலும் முதலில் சொல்ல வேண்டியவன் அவன். ஒன்பது வயதுக் கண்கள் நம் கண்களைவிடக் கூர்மையானவை. அவன் "அப்பா, யானை" என்று சொன்ன இடத்திலேயே வண்டியை நிறுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்